பானைக்குள் ஸ்பீக்கர்

1981 ஐப்பசி, ஞாயிறு இரவு.

இன்று கமலாவின் தலையணையைப் பிளேடால் கிழித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமே மாட்டிக்கொண்டேன். மீசையெல்லாம் பஞ்சு. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கட்டி, டேப் ரிக்கார்டரோடு இணைத்திருந்தேன். பாட்டு கணீரென்று வரும் என்று டிப்போவில் சொன்னார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வந்தது. அந்த எதிரொலியை அடக்கத்தான் பஞ்சு.

"ஏங்க, ஸ்பீக்கருக்கு மெத்தை, பொண்டாட்டிக்கு வெறும் தரையா?" என்றாள்.

பஞ்சைத் திணித்ததும் எதிரொலி போய்விட்டது. ஆனால் பாட்டில் ஜால்ரா மட்டும் வரவில்லை. பானையைச் சுவரோரம் நகர்த்தினேன். பஞ்சைக் குறைத்தேன். ஒயரைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன தெரியும்?

"ஜால்ராவே கேக்கல, பாரு" என்றேன்.

மகள் செல்வி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். "இன்னாப்பா நீ? ஜால்ராதான் காதைக் கிழிக்குது. கொஞ்சம் கம்மி பண்ணு."

கமலாவும் ஆமாம் என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, ஸ்பீக்கர் பழசு, அதான் என்றேன்.

அடுத்த மாதம் கார்த்திகை தீபம். ஸ்பெஷல் பஸ் ஓட்ட வேண்டும். வண்டிக்குப் பின்னால் எந்நேரமும் ஜனம் நிற்கும்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கண்டக்டர் நிறுத்தச் சொல்லி விசில் மேல் விசில் ஊதியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவர் வண்டியின் தகரத்தில் ஓங்கித் தட்டிய பிறகுதான் பிரேக் போட்டேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் பூக்காரி ஒருத்தி குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இதைக் கமலாவிடம் சொல்லவில்லை.