குண்டன் முதுகில் பதிந்த கை

ரெசிஸ்தென்சியா,
மே மாதம், ஞாயிறு

மரியாதைக்குரிய தோன்யா நெலீதாவுக்கு,

லேயாந்த்ரோ கௌனா எழுதுவது. உங்கள் குண்டன் சிற்பத்தை எங்கள் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் போல்ட் போட்டு நிறுத்தியவன். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வர எனக்குத் தெரியாது, உங்களுக்கும் அது பிடிக்காது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டபடி அந்த போல்ட்டுகளை நான் இன்னும் கழற்றவில்லை. அவனை ஏற்றிப்போக வந்த லாரிக்காரரிடமும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் கழற்று என்று நீங்கள் எழுதினால் கழற்றுகிறேன். சிற்பம் உங்களுடையது. ஆனால் படிக்காமல் எழுதாதீர்கள்.

யாரோ உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். வெண்பளிங்குத் தலையணைமேல் சுருண்டு தூங்கும் உங்கள் வெண்கலக் குண்டனின், பட்டை பட்டையாக ஓடு மூடிய அந்த ஆர்மடில்லோவின், முதுகு பொன்னிறமாகப் பளபளக்கிறது. பச்சையும் பழுப்புமாக நீங்கள் ஏற்றிய நிறம் பாதிக்கு மேல் இல்லை. ஊர் தடவித் தடவி உங்கள் வேலையைத் தேய்த்துவிட்டது, இன்னும் சில வருடங்களில் அது சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், ஆகவே மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கயிறு கட்டி வைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பதிலுக்கு இத்தாலியின் கர்ராராவிலிருந்து வழவழப்பான பளிங்குத் துண்டு ஒன்றை அனுப்புவதாகவும், அதைக் கெடுக்க யாராலும் முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். கோபத்தில் எழுதியது என்று தெரிகிறது. உங்கள் வேலையை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வழவழப்பாக ஒன்றை அனுப்புவதாக இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

முதலில் என் தொழில் தெரிந்த வகையில் பதில். எண்ணெய்த் தொட்டிகளின் தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஒலியலை கொண்டு அளக்கும் கருவி என்னிடம் உண்டு. சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குண்டனை மூக்கிலிருந்து வால்வரை அளந்தேன். வார்க்கும்போது எவ்வளவு கனம் என்று நீங்கள் சொன்னீர்களோ அதே கனம் இருக்கிறது. போனது நிறம் மட்டும். உலோகம் போகவில்லை. முதுகு ஓட்டின் ஒவ்வொரு பட்டையிலும் நீங்கள் ஒவ்வொரு பொருளின் தடத்தைப் பதித்திருக்கிறீர்களே, அந்தச் சோளக்கதிர் பட்டை, சாக்குத்துணி பட்டை, சைக்கிள் டயர் பட்டை, பனையோலைப் பின்னல் பட்டை எல்லாம் மெழுகில் நீங்கள் அழுத்தின அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன. ஊசிப்பின்னல் துணியை அழுத்தினீர்களே, அந்த ஒரு பட்டையில் மட்டும் முடிச்சுகள் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன. அது உண்மை. மறைக்க மாட்டேன்.

ஆனால் காரணம் ஊர்க்கைகள் இல்லை. காரணம் காச்சோ.

மூலைக் கடை காச்சோவை உங்களுக்கு நினைவிருக்கும். பொருத்துகிற அன்று ஐஸ் போட்ட மாத்தே என்ற மூலிகைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, குண்டனைக் காட்டி இந்தப் பன்றிக்கு ஏன் செருப்பு போடவில்லை என்று கேட்டவர். சிற்பத் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், நம்ம தெருக் குண்டன் அழுக்காக நிற்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் இரும்பு நாரும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது, எனக்குத் தெரியாது. போன மாதம் கையும் நாருமாகப் பிடித்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பச்சை புடிச்சுக் கெடக்குதுப்பா என்ஜினியர். பாசி. மாசக்கணக்கா தேய்க்கிறேன், முக்கால்வாசி போயிருச்சு,” என்றார் பெருமையாக. அந்தப் பச்சை நீங்கள் தீயும் மருந்தும் வைத்து நாள்கணக்காக ஏற்றியது என்று சொன்னேன். நாரைக் கீழே வைத்தார். பிறகு, “அழுக்கைக் கூலி குடுத்தா பூசுவாங்க? அந்தம்மா அதை முன்னாடியே ஒரு பலகையில எழுதி வச்சிருக்கக் கூடாதா?” என்றார். சாயங்காலம் வீட்டுக்கு ஒரு கூடை சீஸ் ரொட்டி வந்தது. மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, ரொட்டி சூடாக இருந்தது.

இப்போது அவரிடம் தேன்மெழுகும் மெல்லிய துணியும் கொடுத்திருக்கிறேன். தொடுவதற்கு முன் என்னைக் கேட்கிறார். தேவைக்கு மேலேயே கேட்கிறார். மழை பெய்தால் துடைக்கலாமா என்று நேற்று இரண்டு முறை கதவைத் தட்டினார். அவரைத் திட்டி எழுதாதீர்கள். உங்கள் சிற்பத்தைத் தன் மாடு மாதிரி குளிப்பாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நிறத்தை மறுபடி ஏற்ற முடியும். எந்த மருந்து, எந்தச் சூடு என்று எழுதினால் நானே ஏற்றுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இத்துடன் முடிந்தது. இனி எழுதுவது நீங்கள் கேட்காதது.

எனக்கு ஒரு மகள். மைத்தேனா, மைத்தே என்று கூப்பிடுகிறோம், ஆறு வயது. நீங்கள் வந்திருந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. அவளை யாரும் தொட முடியாது. அடம் இல்லை, செல்லம் இல்லை. தொட்டால் அவளுக்குத் தீப்பட்ட மாதிரி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். சட்டையைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பித்தான் போடுவாள். நகம் வெட்டுகிற நாளில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. தெருவைக் கடக்கக் கையைப் பிடிக்க விடமாட்டாள் என்பதால் ஒரு கயிறு வைத்திருக்கிறோம், ஒரு முனை அவளிடம், மறு முனை என்னிடம். “பட்டம் விடப் போறியா என்ஜினியர்?” என்று காச்சோ கேட்பார். முதல் முறை அவரை அடிக்கப் போனேன். இப்போது, காற்று பத்தலை என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிகிச்சை என்று தூரிகையால் வருடினார்கள், தட்டில் அரிசி கொட்டிக் கையை விடச் சொன்னார்கள். அவள் கத்திய கத்தலில் ரோமினாவும் நானும் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ரோமினா என் மனைவி. ஆறு வருடமாகத் தன் குழந்தையின் முடியைக் கோதாதவள். நான் ஒரு பழுது என்றால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்கிற ஆள். இதில் கழற்றிப் பார்க்க எதுவும் இல்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது. அவள்மீது இல்லை. ஆனால் அவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

உங்கள் குண்டன் வந்த பிறகு முதல் சில வாரம் அவள் அவனைச் சுற்றி நடந்தாள். பிறகு ஒரு குச்சியால் தொட்டாள். பிறகு முழங்கையால். நாங்கள் மூச்சுவிடாமல் ஜன்னலில் நின்றோம். அப்புறம் ஒருநாள் நகத்தால் சாக்குத்துணிப் பட்டையைக் கீறினாள். மறுநாள் விரல் நுனி. ஒரு பட்டை பழகி முடிய ஒரு மாதம் ஆகும், அடுத்ததற்குப் போவாள். டயர் பட்டையைத் தாண்டிப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, “அது ரொம்பப் பேசுது,” என்றாள். தலையணைப் பளிங்கின்மேல் கன்னத்தை வைத்துக் கொள்ள மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்திருந்தது. கல்லைப் போய் இப்படி மெத்தென்று எப்படிச் செதுக்கினீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதில் துளை போட்டவன் நான், அது கல்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அவள் அதில் தலை வைக்கும்போதெல்லாம் குழிந்து கொடுக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

வெயிலில் வெண்கலம் அடுப்பாகிவிடும், இங்குள்ள ஜனவரிக் கோடை உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அவள் விரல் சுட்டுவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் காச்சோ தன் கடைப் பந்தலை நீட்டிக் குண்டனுக்கு மேலே கட்டியிருந்தார். நகராட்சிக்காரர்கள் கேட்டால் பன்றிக்கு வெயில் ஆகாது என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

வாலுக்கு முந்தின பட்டையில் நீங்கள் உங்கள் உள்ளங்கையையே மெழுகில் அழுத்தியிருக்கிறீர்கள். ரேகைகூட விழுந்திருக்கிறது. மார்ச் மாதம் மைத்தே அங்கே வந்து சேர்ந்தாள். அது என்ன என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கையை அதற்குள் வைத்தாள். முழுக் கையையும். அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், அது யார் கை என்று கேட்டாள். அதைச் செய்த அம்மாவுடையது என்றேன். அவர்கள் எங்கே என்றாள். இத்தாலியில் என்றேன். “குண்டன் மேல இருக்கிற கை காலையில சில்லுன்னு இருக்கு, மத்தியானம் சுடுது. அவங்ககிட்ட இருக்கிற கை எப்படி இருக்கும்?” என்றாள். உங்களோடு கைகுலுக்கியபோது நான் அதைக் கவனிக்கவில்லை, முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ரோமினா மைத்தேயோடு நடைபாதையில் நின்றிருந்தாள். நான் கதவில். மைத்தே தன் அம்மாவைக் கூப்பிட்டு, வெண்கலத்தில் பதிந்த உங்கள் கைக்குப் பக்கத்தில் அம்மா கையை வைக்கச் சொன்னாள். ரோமினா வைத்தாள். “குண்டன் மாதிரி வை. அசைக்காத. திருப்பிப் புடிக்காத,” என்றாள். ரோமினா அசைக்கவில்லை. மைத்தே முதலில் நகத்தால் தொட்டாள். அப்புறம் விரல் நுனி. உங்கள் பட்டைகளில் எந்த வரிசையில் போனாளோ அதே வரிசை. கடைசியில் தன் கையைத் தன் அம்மா கைமேல் விரித்து வைத்தாள். மழை ஓய்ந்த மாலை, கொசு மொய்த்தது. ரோமினாவின் கழுத்திலும் கன்னத்திலும் உட்கார்ந்து குடித்தது. அவள் இமைகூட அசைக்கவில்லை. கடையிலிருந்து காச்சோ பார்த்துவிட்டு, வாங்க வந்தவர்களைச் சைகையால் நிறுத்தி வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கடிகாரம் பார்க்கவில்லை.

உள்ளே வந்து ரோமினா முகம் முழுக்கத் தடிப்போடு அடுக்களையில் நின்று அழுதாள். அப்புறம் சிரித்தாள். “வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னா,” என்றாள்.

ஆறு வருடமாக நாங்கள் செய்ததெல்லாம் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவள் எங்கள் பக்கம் அரை விரல் நீட்டினால் நாங்கள் முழுக்கையால் பிடிக்கப் போயிருக்கிறோம். ஆசையில்தான். உங்கள் வெண்கலம் மட்டும்தான் அவளைத் திருப்பிப் பிடிக்காமல் இருந்தது. நீங்கள் இதை நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும், விளையாட்டாகச் செய்தீர்கள். குண்டன் தூங்குகிறான், அவன் முதுகில் கண்டதையெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. எனக்கு இந்த வார்த்தை சரளமாக வராது, அதனால் இன்னொரு முறையும் எழுதுகிறேன், நன்றி.

மண்டபத்துக்குள் கயிறு கட்டி வைத்தால் அவன் பத்திரமாக இருப்பான். தெருவில் இருந்தால் தேய்வான். காச்சோவை நிறுத்திவிட்டேன், ஆனால் மைத்தேயை நிறுத்த மாட்டேன். உங்கள் உள்ளங்கை இருக்கும் இடம் மட்டும் எப்போதும் பளபளத்துக்கொண்டுதான் இருக்கும், நிறம் ஏற்றினாலும் நிற்காது. உங்கள் சம்மதத்தைப் பொய் சொல்லி வாங்க விரும்பவில்லை. தேயட்டும் என்று நீங்கள் விட வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

ஜூலையில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் எங்கள் வீட்டில் தங்குங்கள். மைத்தே உங்களை எதிர்பார்க்கிறாள். அவள் வந்து நின்றால் கையை நீட்டாதீர்கள், பெயர் சொல்லி அழைக்காதீர்கள். தலையணைமேல் கையைச் சும்மா வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். நாள் ஆகலாம்.

என் முறை இன்னும் வரவில்லை. ஆனால் தினமும் வேலையிலிருந்து வந்ததும் குண்டன் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்து, அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று அவள் வந்து, என் கைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துவிட்டுப் போனாள்.

உங்கள் கைகள் இரண்டும் நோய் நொடியில்லாமல், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
லேயாந்த்ரோ கௌனா