படுக்கை வரை எட்டும் வயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கடையும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உன் போன் அணைந்துவிடுகிறது, அதனால் பாதி சுகத்தை நீ சொன்னதாகவும் மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டதாகவும் வைத்துக்கொள்கிறோம். பார்சலைப் பிரித்ததும் பார்த்திருப்பாய், உள்ளே இருப்பது சார்ஜர் வயர். ஒரு வயருக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று சிரிக்காதே. போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று மறந்துவிடுவாய், தாளில் எழுதினால் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் கடைக்குப் பக்கத்துத் தையல் கடை காலியானது உனக்குத் தெரியும். கட்டடக்காரர் வேறு யாரிடமும் போகாமல் முதலில் என்னிடம்தான் வந்தார். நடுச்சுவரை எடுத்துவிட்டால் கயிறு, குழாய், தார்ப்பாய் எல்லாம் ஒரு பக்கம், நீ எப்போதோ சொன்ன தோட்டச் சாமான்கள் ஒரு பக்கம் என்று பெரிதாகப் போடலாம். ஆனால் இரண்டு கடையை ஒற்றை ஆளாக இழுக்க எனக்குத் தெம்பு இல்லை, நீ வந்து பாதியைப் பார்த்துக்கொண்டால் எடுப்பேன், இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன், அவ்வளவுதான் விஷயம். இதை உன்னிடம் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து உன் போனுக்கு ஒரு வியாதி. அம்மாவோடு ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வரைக்கும் நன்றாக இருக்கிறது, நான் போனை வாங்கி அந்தக் கடை விஷயம் என்று வாயைத் திறந்தால் "அப்பா, சார்ஜ் போயிடுச்சுப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவுகிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்தவன் நான். எனக்கு அந்தக் குரல் தெரியாதா. அம்மாவிடம் சொன்னேன், அவள் என்மேல் பாய்ந்தாள். "பாவங்க அது. பிளக் கதவுகிட்ட இருக்காம், வயர் முழ நீளம்கூட இல்லையாம், தரையில உக்காந்து பேசுது, எந்திரிச்சா சார்ஜ் போயிடுது. உங்களுக்கு எல்லாருமே கடைக்கு வந்த ஆளுங்கதான்" என்றாள். அடுத்த தடவை வீடியோவில் கூர்ந்து பார்த்தேன், உன் தலைக்குப் பின்னால் செருப்பு அடுக்குதான் தெரிந்தது. நாள் முழுக்கக் கிடங்கில் நின்றபடியே எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று கத்திவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தும் செருப்போடு செருப்பாகத் தரையில் உட்கார வேண்டுமா. சரி, நல்ல நீள வயராக ஒன்று அனுப்புவோம், உன் முதுகுக்கும் ஆச்சு, நீ சொல்வது நிஜமா சாக்கா என்பதும் தெரிந்துவிடும் என்று முடிவெடுத்தேன்.

இருப்பதிலேயே நீளமானது, மேலே கெட்டியாக நூல் பின்னியது என்று ஒன்றை வாங்கி வந்தேன். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதானே. கயிற்றுக்குச் செய்வதுபோல் கடை வாசல் கொக்கியில் மாட்டி, கீழே தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா, "போன் என்ன கிணத்துக்குள்ளயா இருக்கு, இழுத்து மேல எடுக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேன் ஆடியது, வயர் அசையவில்லை. பெருமையாக என் போனை அதில் போட்டேன். காலையில் போட்டது, மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்க்கிறேன், பாதிகூட ஏறவில்லை. அட்டையில் மட்டும் மின்னல் படம் போட்டிருக்கிறான்.

எதிரே மொபைல் கடை வைத்திருப்பவர், நாமெல்லாம் சிக்னல் என்று கூப்பிடுவோமே, அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சட்டையைப் பாத்து மாப்பிள்ளை எடுத்திருக்கீங்க" என்றார். பின்னல் கெட்டிதான், உள்ளே செம்பு தலைமுடி கனம், அதுவும் இவ்வளவு நீளத்துக்கு, கரண்டு போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும் என்றார். கேட்டதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தோட்டத்துக்குக் குழாய் வாங்க வருகிறவரிடம் நான் தினமும் சொல்கிறதுதானே இது, நீளம் கூடக் கூட உள்விட்டமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் அந்த முனையில் தண்ணீர் சொட்டும் என்று. வயரைக் கயிறு என்று நினைத்து வாங்கியிருக்கிறேன், அது குழாய்.

பிறகு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். உனக்கும் பிற்பாடு உதவும், சொல்கிறேன். வேகமாக ஏற வேண்டுமென்றால் வயர் மட்டும் போதாது, சுவரில் சொருகுகிற தலை, வயர், போன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், அதில் எது மட்டமோ அதன் வேகம்தான் கிடைக்கும். தலையின்மேல் பொடி எழுத்தில் எத்தனை வாட் என்று போட்டிருப்பான், வயர் அதற்குக் குறையாமல் தாங்குகிறது என்று வயர் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். வேகம் என்று மட்டும் எழுதி எண் போடாதவனை நம்பாதே, அப்படி விற்கிறவர்களை எனக்குத் தெரியும். தலையில் இருக்கிற ஓட்டை எந்த வகை என்று பார்க்காமல் வாங்கினால் வயர் கையில், ஓட்டை சுவரில் என்று நிற்க வேண்டியதுதான். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். பிறகு கழுத்து. கயிறு எங்கே வேண்டுமானாலும் அறும், வயர் எப்போதும் முனையை ஒட்டிய கழுத்தில்தான் சாகும், அங்கே ரப்பர் நீளமாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இதற்காகத்தான் உன்னிடம் சார்ஜர் தலையை ஒரு போட்டோ, அறையை ஒரு போட்டோ கேட்டேன். பிளக்கிலிருந்து படுக்கை வரைக்கும் நூல் பிடித்து அளந்து சொல், குறுக்கே அளக்காதே, சுவரை ஒட்டி மூலை திரும்பி அள, நடக்கிற வழியில் வயர் கிடக்கக்கூடாது என்றேன். நீயும் சமர்த்தாக அளந்து அனுப்பினாய். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது, அப்படியென்றால் மூன்று மீட்டர் வயர், மிச்சம் உன் கைக்கு.

அளவைக் குறித்துக்கொண்டு அறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே ஒரு மர அலமாரி. சுவரில் துளை போட்டு, உள்ளே பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகு முடுக்கி மாட்டியது. ஜன்னலின் அளவுக்கே தைத்த திரை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய தொட்டியில் ஒரு செடி. நான் சாமான் விற்கிறவன், சாமானைப் பார்த்தால் வாங்கினவரின் மனசு தெரியும். திரும்பி வருகிற நினைப்பு இருக்கிறவள் ஆணியில் மாட்டுவாள், வாடகை வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிச் சுவரில் துளை போடமாட்டாள். கொஞ்ச நேரம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன், அவள் பார்த்துவிட்டு, "அலமாரி இடது பக்கம் சாய்ஞ்சிருக்கில்ல" என்றாள். நீ அங்கேயே இருக்கப்போவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நீ அவளிடமாவது சொன்னாயா, தானே கண்டுபிடித்தாளா, கேட்டேன், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். நீங்கள் இருவரும் கூட்டு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மறுநாள் சிக்னல் கடைக்குப் போனேன். இரண்டு வயரை மேசைமேல் வைத்தார். இரண்டுமே உன் சார்ஜருக்குப் பொருந்துகிறதுதான். "பொண்ணு எப்பண்ணே திரும்பி வராங்க? கொஞ்ச நாளைக்குன்னா இது போதும். வருஷக்கணக்கா உழைக்கணும்னா அதை எடுங்க" என்றார். அவர் சும்மா வியாபாரத்துக்குக் கேட்டதுதான். நான் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரம் பேசாமல் நான் நின்றதைப் பார்த்து அவர் பயந்தே போய், உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார். "நல்லா உழைக்கிறதையே குடுப்பா" என்றேன்.

அப்படியே கட்டடக்காரர் வீட்டுக்குப் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார், பொண்ணுக்கு அங்கே நல்ல வேலை, அலமாரி எல்லாம் மாட்டிவிட்டாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடத்துக்குக் கண்ணாடிக் கடை வரப்போகிறதாம், வரட்டும், நம் வாசலுக்கும் நாலு பேர் வருவார்கள். ஒருவேளை உன் அறையை நான் தப்பாகப் படித்திருந்தால் தயங்காமல் சொல், இந்தத் தெருவில் காலியாகிற கடைசிக் கடை அது இல்லை. ஆனால் நான் தப்பாகப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை, அதைப் பழகிக்கொள். வரலப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், மறுநாள் கடை திறந்திருப்பேன். என் கடையை நான் என் இஷ்டத்துக்குத்தான் வைத்தேன், யாரைக் கேட்டு வைத்தேன். உன் வேலையை நீ உன் இஷ்டத்துக்குப் பார்க்கிறாய். அதற்கு எதற்குப் போனை அணைக்க வேண்டும். இனி நான் கடையைப் பற்றிக் கேட்கப்போவதில்லை, படுத்துக்கொண்டே பேசு, பேச முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லிவிட்டு வை. சார்ஜ் இல்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே, அந்த வயரை நான் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

வயரைப் பிடுங்கும்போது முனையைப் பிடித்து எடு, நடுவில் பிடித்து இழுக்காதே. கையில் இறுக்கிச் சுற்றி மடிக்காதே, பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்று. நாற்காலிச் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள். சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதே, இது அம்மா சொல்லச் சொன்னது, நானும் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல், நினைத்த இடத்தில் நினைத்தபடி நன்றாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

மறக்காதே, வயரோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், அட்டையோடு சேர்த்து எறிந்துவிடாதே. நம் கடைத் திருகும், சுவர்த் துளையில் செருகுகிற பிளாஸ்டிக் பிளக்கும். உன் அலமாரிக்கு இடது பக்கம் ஒரு திருகு போதவில்லை. போட்டுக்கொள், நிற்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா