பன்னிரண்டாவது நெகட்டிவ்

நெல்லிவாசல்
23-1-1983

செந்தாமரையின் அம்மாவுக்கு,

முப்பதாம் நாள் படையலுக்கு வைக்க அவள் படம் கேட்டு எழுதியிருந்தாய். இன்னும் அனுப்ப முடியவில்லை.

மார்கழியில் எடுத்த பிலிமில் பன்னிரண்டு படங்கள். பதினொன்றில் நான் தேடிக்கொண்டிருந்த அந்த நெபுலா, எந்த வரைபடத்திலும் இல்லாத மங்கலான ஒளிமேகம். ஒவ்வொரு படத்துக்கும் நாற்பது நிமிடம். பனியில் நின்று நிமிடம் எண்ணியவள் அவள்தான். காய்ச்சல் என்று நீ தடுத்தாய்.

கடைசிப் படத்தில் அவள்.

நேற்று அடிவாரத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். சிங்காரம் பெருமையோடு நெகட்டிவை நீட்டினார்.

"மத்த பதினொரு படத்துலயும் நடுவுல ஒரே கறை சார். பிளேடால சொரண்டி எடுத்துட்டேங்க. பொண்ணு கன்னத்து மச்சத்தையும் பென்சில் போட்டு மறைச்சிட்டேன். மாப்ள வூட்டுக்கு அனுப்புற படமாச்சே! தையிலயே கல்யாணமா?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பெண் படம் என்றால் அவர் அப்படித்தான் திருத்துவார். அவர்மேல் என்ன தப்பு?

சுரண்டிய வானம் திரும்பாது, போகட்டும். பென்சிலை மட்டும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுக்கலாம். கொஞ்சம் அழுத்தினாலும் முகமே போய்விடும். நம்மிடம் அவளுடைய வேறு படம் இல்லை. நான் எடுக்கவே இல்லை.

காலையிலிருந்து பஞ்சு காய்கிறது, மறுபடி நனைக்கிறேன். பென்சில் தடம் கண்ணுக்குப் படவில்லை, எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. திட்டிக்கொண்டாவது ஒரு வரி எழுது. மச்சம் அவளுக்கு எந்தக் கன்னத்தில் இருந்தது?

அவளுடைய அப்பா