இரண்டையும் சரிசெய்து அனுப்புங்கள்

ஸ்ரீபெரும்புதூர்
10-7-2025

மதிப்பிற்குரிய சம்பந்தி தணிகாசலம் அவர்களுக்கு,

தேவராஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கனகமும் குழலியும் நலம். அங்கு சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை உதயசூரியனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். இரண்டு முறை பேசிப் பார்த்தேன். உங்கள் குரல் ஓங்கியதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சரி, சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது அப்புறம்தான் எனக்கே தெரிகிறது. எழுதும்போது அந்தப் பயம் கொஞ்சம் குறைவு. உங்கள் வேன் ஓட்டும் நாகப்பன் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற எங்கள் தெருமுனைக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குழலி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தெரு முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டார் ஏதோ பற்றி எரிகிறது என்று வெளியே வந்துவிட்டார்கள். "என்னம்மா?" என்றேன். "சீர்ல வந்த வண்டி பொகையுதாம்பா. சரிபண்ணிட்டுத்தான் அந்த வூட்டுப் படி ஏறணுமாம்" என்றாள். தலை ஆடிக்கு நாங்கள் வரிசையோடு வந்து முறையாக அழைத்துவர இருந்த பெண், ஆனியிலேயே இப்படி வந்து நிற்கிறாள்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் தை மாதம் கல்யாணத்தில் கொடுத்த புதுக் கார் ஆறே மாதத்தில் புகைக்கக் கூடாது. கிருத்திகையன்று உங்கள் வீட்டுப் பந்தியில் யாரோ இதைக் கேட்டபோது, "கம்பெனியில் போட்ட டர்போவை எடுத்துவிட்டுப் பெரிதாக வேறு ஒன்றை அவர்தான் போட்டிருக்கிறார்" என்று குழலி சொன்னாளாம். மாப்பிள்ளை, "நான் எதையும் தொடவில்லை" என்றாராம். அன்று முதல் அவளை எல்லாரும் பொய்க்காரி என்கிறார்கள் என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சிறு விசிறி. பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் நடத்திய காலத்தில் அதைப் பலமுறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கையால் தொட்டதில்லை. என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. பார்க்கிறேன்.

என் சொற்களில் ஏதும் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்தருளவும்.

தங்கள்
தேவராஜன்


வல்லக்கோட்டை
14-7-2025

சம்பந்திக்கு வணக்கம்.

உங்கள் லெட்டரை நாகப்பன் கொடுத்தான். இந்தக் காலத்தில் யார் லெட்டர் எழுதுகிறார்கள் என்று என் வீட்டில் சிரிக்கிறார்கள். இருந்தாலும் பதில் எழுதுகிறேன். நாளைக்கு நான் ஒன்று சொன்னேன், நீங்கள் ஒன்று சொன்னீர்கள் என்று ஆகக்கூடாது.

ஊரில் என் மானம் போகிறது, அது உங்களுக்குத் தெரியுமா? கார் தெருவில் திரும்பினால் பசங்க "டேய், கொசு மருந்து வண்டி வருதுடா!" என்று பின்னாலேயே ஓடுதுங்க. டீக்கடையில் ஒருத்தன், "இன்னா தணிகாசலம், டெங்கு ஒழிக்கிற காண்ட்ராக்ட்டு உனுக்குத்தான் குட்த்துட்டாங்களா?" என்கிறான். கோயில் பிரகாரம் வரைக்கும் இதே பேச்சு. சம்பந்தி வீட்டுச் சீர் என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

என் பையன் தொடவில்லை என்றால் தொடவில்லை. அவன் என்னிடம் பொய் சொன்னதில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வெகுகாலம் இருந்தவன். குறையோடு வந்த பீஸுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி சப்ளையருக்கே திருப்பி விடுவோம். கோபமும் இல்லை, விரோதமும் இல்லை. அது ஒரு சிஸ்டம். குழலி நல்ல பெண்தான். ஆனால் நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிற வாய். வண்டியும் சரியில்லை, வாயும் சரியில்லை. இரண்டையும் சரிசெய்து அனுப்புங்கள்.

ஆடி பிறக்கப்போகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் தலை ஆடிக்கு அழைத்து வந்ததாகச் சொல்லிவிடுங்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு
தணிகாசலம்


ஸ்ரீபெரும்புதூர்
26-7-2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் ஒரே ஒரு சொல்.

'இரண்டையும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கார். இன்னொன்று என் மகள். இரண்டு என்பது அஃறிணைக்கு உரிய எண். மனிதர்களை இருவர் என்போம். அவசரத்தில் கை தவறியிருக்கும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு என் வழக்கப்படி இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. உயர்திணையும் அஃறிணையும் கலந்து வரும்போது, இழிவு கருதினால் அஃறிணையிலேயே முடிக்கலாமாம். ஆக, நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. அது தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. வாயைப் பற்றி எழுதினேனே தவிர, பெண்ணைப் பற்றி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அவள் வாய் அவளை விட்டுத் தனியாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இனி வண்டி. முதலில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்த உடனே மூடிவிட்டார்கள். "இது எங்க டர்போ இல்ல சார். வெளிய மாத்தினத நாங்க தொட மாட்டோம்" என்றார்கள். இதை மட்டும் இரண்டு முறை படித்துப் பாருங்கள். குழலி பந்தியில் சொன்னது இதே வாக்கியம்தான்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் மோகன் என்பவரின் ஒர்க்‌ஷாப். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "டர்போ பூட்ச்சி சார். வேற போட்டுடலாம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இன்னா சார், இம்மாம் பொக வருது, உங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். ஏன் போயிற்று என்று கேட்டேன். "சார் வாத்தியாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ சொன்னார். காரணம் தெரியாமல் மாற்றினால் புதியதும் புகைக்காதா? அவரிடமே வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் நானே பார்த்தேன். குழலி டார்ச் பிடித்தாள். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் என்ஜின் உறுப்புகளைப் பரிசோதிப்பவள்தான் என்பதை ஏனோ எல்லாரும் மறந்துவிடுகிறோம், நான் உட்பட. கனகம் வாசலில் நின்று, "பேப்பர்ல என்ஜின் வரைஞ்சா பொகை வராது, அதான் உங்களுக்குப் பழக்கம்" என்றாள். உண்மைதான்.

புகை கறுப்பானால் டீசல் சரியாக எரியவில்லை. நீலமானால் என்ஜின் ஆயில் எரிகிறது. இது நீலம். அதுவும் வண்டி சிக்னலில் நின்று மறுபடி கிளம்பும்போதுதான் அதிகம். விசிறிக்கு அடுத்த காற்றுக்குழாயைக் கழற்றினோம். உள்ளே ஆயில் வழிந்திருந்தது. விசிறியின் தண்டை விரலால் ஆட்டினேன். பக்கவாட்டில் மயிரிழை அசைவு, முன்பின்னாக அசைவே இல்லை. தேய்ந்துபோன டர்போ என்றால் கடகடவென்று ஆடும். அப்படியானால் டர்போ நல்லதுதான், அதற்கு வந்த ஆயில்தான் போக வழியில்லாமல் தவறான பக்கம் கசிகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன். நிச்சயம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு வரும். வேலை முடிந்ததும் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். அந்தக் கீழ்க்குழாய்க்கு நேர் இறக்கம் வேண்டும். பெரிய டர்போவுக்கு இடம் போதாததால், மாட்டியவர் அந்தக் குழாயை மேடாக வளைத்துப் பிறகு இறக்கியிருக்கிறார். ஆயில் மேடு ஏறுமா? "அப்பா, இங்க பாரு" என்று குழலி இன்னொன்றையும் காட்டினாள். குழாயின் வாயில் பசையை அள்ளி அப்பி மாட்டியதில் அது உள்ளே பிதுங்கிப் பாதி வாயை அடைத்திருந்தது. ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கியது இந்தச் சுண்டுவிரல் அளவு பசை.

சுரண்டி எடுத்தோம். நேராக இறங்கும்படி குட்டையான குழாய் செய்துவாங்கி மாட்டினோம். என்ஜினைப் போட்டேன்.

புகைத்தது. முன்பு போலவே புகைத்தது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். கனகம் விடத்தான் சொன்னாள். ஆனால் முழுவதும் சொல்லாவிட்டால் நான் சொன்ன மற்றவையும் பொய்யாகிவிடும். நான் எங்கோ தவறியிருக்கிறேன் போல. வண்டி விஷயத்தில் தவறியிருக்கலாம். என் மகள் விஷயத்தில் தவறவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

தேவராஜன்


வல்லக்கோட்டை
30-7-2025

சம்பந்தி,

இலக்கணம் எல்லாம் எனக்கு வராது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் மாதிரி சுழிக்கிறீர்கள். நான் என்ன உங்கள் மாணவனா?

புகை நிற்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு நான் எழுதித் தர என்ன இருக்கிறது? கீழ்க்குழாய், மேல்குழாய் என்று என் பையன் தலையில் பழியைப் போட்டீர்கள். குழாயை மாற்றினீர்கள். புகை வருகிறது. யார் சொன்னது பொய் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, விடுங்கள். நான் மனசு வைத்துச் சொல்கிறேன். உதயன் டர்போவை மாற்றினான், மாற்றவில்லை, அது ஒரு விஷயமா? வயசுப் பசங்க சிப்காட் ரோட்டில் வேகமாகப் போக ஆசைப்படுவது எங்கேயும் நடப்பதுதான். அப்படியே மாற்றியிருந்தாலும் கட்டியவள் அதைப் பந்தியில் சொல்லலாமா? அவள் சொன்னது உண்மையா பொய்யா என்பது எனக்குப் பெரிதில்லை. சொன்னாள், அதுதான் எனக்குப் பெரிது.

சொந்தக்காரர்களிடம் கம்பெனியிலிருந்தே குறையோடு வந்த டர்போ, சம்பந்தி பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்கும் பெருமைதானே. குழலி எதுவும் பேச வேண்டாம், கேட்டால் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எப்படியாவது புகையை நிறுத்துங்கள். ஆவணி பிறந்ததும் உதயனையே அனுப்புகிறேன், அவனே அழைத்து வருவான். தலை ஆடி முடிந்து பெண் திரும்புவதுபோலத்தான் இருக்கும்.

தணிகாசலம்


ஸ்ரீபெரும்புதூர்
18-8-2025

திரு. தணிகாசலம் அவர்களுக்கு,

உங்கள் வண்டி நேற்று வந்து சேர்ந்திருக்கும். புகையாது. அந்தப் புகை எப்படி நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றுதான், தோற்றுவிட்டேன் என்று குழலியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள். "சைலன்ஸர்ல இத்தன நாள் தேங்கின ஆயில் எங்கப்பா போவும்? அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் பொகையத்தான் செய்யும். ஏறு, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் வரை ஓட்டினாள். போகும்போது பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெறும் காற்று.

நான் கண்டது சரி. கண்ட பிறகும் கொஞ்சம் பொறுத்திருக்க எனக்குத் தெரியவில்லை. அந்த அவசரத்தில் எழுதிய வரியை வைத்து நீங்கள் என் மகளை மறுபடியும் பொய்க்காரி ஆக்கினீர்கள். அதைப் படித்த பிறகு உங்களிடம் எனக்கு இருந்த பயம் போய்விட்டது. எங்கே போயிற்று என்று நானே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேற்று உங்கள் மகன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குழலி விடியற்காலையிலேயே பெட்டி அடுக்கிக் கூடத்தில் வைத்திருந்தாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் வரத் தயாராகத்தான் இருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். "வண்டி எங்க மாமா?" என்றார். கனகம் காப்பியோடு வந்தாள். அவர் அதற்குள் பானெட்டைத் திறந்திருந்தார். என்ஜினைப் போட்டு முறுக்கினார், பின்னால் ஓடினார், புகைக்குழாய் வாயில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். "செமையா கீது மாமா! சுத்தமா பொகையே இல்ல. மேல ஏறும்போது இழுவை எப்டி கீது, பாத்தீங்களா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

குழலி வாசலுக்கு வந்தாள். திறந்திருந்த என்ஜினைக் காட்டி, "இத யாரு மாட்டினது?" என்று கேட்டாள்.

"இன்னாடி, வந்ததும் வராததுமா?"

"சொல்லுங்க. இங்க பந்தி இல்ல, உங்க ஜனம் இல்ல. நானும் எங்க அப்பா அம்மாவும்தான் இருக்கோம்."

"அதான் சரியாப்பூட்ச்சே. இன்னும் அதையே நோண்டிக்கினு கீற. வூட்ல எங்கப்பா சொல்றதுக்கு ஆமான்னு சொல்லிடு, முடிஞ்சுது."

அவள் பொறுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். 'நான்தான்' என்று ஒரு சொல் போதும். வெளியார் யார் காதிலும் விழுந்திருக்காது. அவர் பானெட்டை மூடி, கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்தார்.

குழலி சாவியை நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க."

"நீ?"

"எனுக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு."

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் சிறிது நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். கனகம் ஓரடி முன்னால் போனாள். அவர் கியரைப் போட்டார்.

அவர் தனியாக வந்து நின்றபோது, வண்டி கிடைத்துவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்தீர்களா, இல்லை பெண் எங்கே என்று கேட்டீர்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அக்கம்பக்கத்தார் ஆடிதான் முடிந்துவிட்டதே என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை; கேட்டவர்களுக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

பெட்டியை அவளே உள்ளே எடுத்துப்போனாள். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

இனி எழுத ஏதும் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். உங்கள் மகனை அவளுக்கு எழுதச் சொல்லுங்கள். முகவரி இதுவே. பெயர் ஏலவார்குழலி. முழுவதுமாக எழுதச் சொல்லவும்.

தேவராஜன்