வெறும் தண்ணீர் போதும் என்றாய்

இன்று காலை வீடு துடைக்க வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கிருமிநாசினி ஊற்றினேன். ஆஸ்பத்திரி வாசம் வீடு முழுக்கப் பரவியது. உடனே நீ வந்துவிட்டாய். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன்னை நினைத்ததும் முதலில் வருவது துக்கமில்லை, வயிற்றெரிச்சல்தான். உன்னிடம் இனி என்ன மறைப்பு?

ஜீவனஹள்ளியில் அந்த இரண்டு அறை வீட்டுக்கு நான் மூத்த மருமகள். மூன்று வருடம் கழித்து நீ இளையவளாக வந்தாய். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எனக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிருந்தது. நீயோ கல்யாணமான நாலே மாதத்தில் முழுகாமல் இருந்தாய். என் கண் பட்டுவிடும் என்று அத்தை மூன்று மாதம் என்னிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டில் பப்பாளி வாங்குவது திடீரென்று நின்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்று ஆபீஸ் போகையில் சிவாஜிநகர் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

சுத்தத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று எனக்கு ஒரு கர்வம். குளியலறையில் எனக்கென்று ஒரு கிருமிநாசினி பாட்டில் இருக்கும். மக்கில் இரண்டு மூடி ஊற்றிக் கலந்து, உள்வரை கழுவினால்தான் குளித்ததாகவே தோன்றும். ஒருநாள் வாசம் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாய்.

"அக்கா, இதப் போட்டு உள்ள கழுவாதீங்க. அங்க நல்ல கிருமி இருக்குதாம், தயிர்ல இருக்கிற மாதிரி. அத நாமளே சாகடிச்சிட்டா கெட்டது வந்து குடியேறிடுமாம். என் டாக்டரம்மா சொன்னாங்க. வெறும் தண்ணி போதுமாம்."

"நேத்து வந்தவ, எனக்கு சுத்தம் சொல்லித் தர்றியா?"

மறுநாள் மூன்று மூடி ஊற்றினேன். உன் டாக்டர் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். நீ, அதுவும் அந்த வயிற்றோடு நின்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் வளைகாப்பன்று லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்தபோது ஒரு ஜோடி கண்ணாடி வளையலைத் தனியாக எடுத்து வைத்திருந்தாய். "நீங்க போடாம முடிஞ்சா எப்படிக்கா?" என்று கையை நீட்டினாய். அத்தை முகம் இருண்டது. நான் போட்டேன். வேண்டுமென்றேதான் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். உன் கட்டை விரல் பக்கம் சிவந்துபோனது. நீ மறு கையையும் நீட்டினாய்.

உன் மகனுக்கு ஆறு மாதமானபோது எனக்கு மறுபடி நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் மாதம் வெள்ளைப்படுதல் அதிகமாகி நாற்றமும் வந்தது. நான் இன்னும் ஒரு மூடி கூட ஊற்றினேன். துணி காயப்போடும் இடத்தில் எப்படியோ நீ கண்டுபிடித்துவிட்டாய். பிள்ளையை அத்தை மடியில் போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினாய்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, தொற்று இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் குட்டையாகியிருப்பது தெரிந்தது. அது சீக்கிரம் திறந்துவிடாமலிருக்க, தினமும் உள்ளே வைக்க ஒரு மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

"அப்போ போன குழந்தை என்னாலதான் போச்சா?" என்று கேட்டேன்.

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. அதையே நினைச்சிட்டு இருக்காதீங்க. ஆனா அந்த பாட்டில் பேடம்மா, இனிமே வேண்டாம்," என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

வீட்டுக்கு வந்ததும் நீ பாட்டிலை எடுத்து வாளியில் கவிழ்த்து, கூடத்தைத் துடைத்தாய். "இது தரைக்குத்தான்க்கா." 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. வந்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அதன் பிறகு நான் அதிகம் அலையக் கூடாது என்று, இடுப்பில் பிள்ளையோடு என் வேலையையும் நீயே செய்தாய். என் புருஷன் உன்னைப் புகழ்ந்தபோதெல்லாம் படுத்தபடியே பல்லைக் கடித்தேன். மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவளும் அழுதால் உன் தோளில்தான் அடங்கினாள். போன வருடம் டெங்குவில் நாலே நாளில் நீ போனபோது, அவள் உன் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்காக இப்படி அழுவாளா என்று அங்கேயும் நினைத்தேன். பார், நான் எப்படிப்பட்டவள் என்று.

போன வாரம் அவள் பெரியவளானாள். தண்ணீர் ஊற்றி முடித்ததும், தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, பன்னிரண்டு வருடமாக உன்னிடம் ஒப்புக்கொள்ளாததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இங்க பாரும்மா, சோப்பு, வாசனை எதையும் உள்ள..."

"தெரியும்மா. வெறும் தண்ணி போதும். சித்தி எப்பவோ சொல்லிட்டாங்க."

எப்போது சொன்னாய்? எனக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லையே நீ.

அவள் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டேன். இந்த முறை மெதுவாக.