நாற்பத்தொன்றாம் எண்

மார்ச் 3, திங்கள்
இப்படி ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பாலத்தின் வரைபடங்கள் மொத்தமும் காணோம் என்று காலையில் அலுவலகமே அலறியபோது, பதறாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் இந்த வரைபட நிறுவனத்தின் சர்வருக்கு அப்பன் நான்தான். யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்க வேண்டும் என்பது என் பட்டியலில் இருக்கிறது. சர்வருக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். ஓய்வு பெற்றுப் போன தலைமை வரைவாளருக்கு 41. அது காலியானதும், புதிதாகச் சேர்ந்த என் அக்கா மகளுக்குப் போடப்பட்டது. அவ்வளவுதான், அவருடைய கோப்புகள் எல்லாம் அவளுடையவை என்று சர்வர் நம்பிவிட்டது. "உன் இடம் நிரம்பி வழியுதும்மா, வேண்டாததை அழி" என்று மேனேஜர் சொல்ல, புது ஆட்கள் பழகுவதற்கு வைத்த மாதிரிப் படங்கள் என்று நினைத்துப் பாலத்தையே துடைத்துவிட்டாள்.

மார்ச் 4
டீ நேரத்தில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். "அவ சேர்ந்த அன்னைக்கே தனியா கூப்பிட்டுச் சொன்னேன். பழைய ஃபோல்டர் பக்கம் தலைவச்சும் படுக்காதேன்னேன். அப்ப வெளியே இடி, மின்னல்!" என்றேன்.
அச்சு இயந்திரத்தைப் பார்க்கும் தாடி சிரித்தான். "மாமா, காலையில சொன்னப்ப வெறும் தூறல்னீங்க."
பொறாமை பிடித்தவன்.

மார்ச் 5
பேக்கப்பில் பாதிப் பாலம் கிடைத்தது. நடு ஆற்றோடு நிற்கிறது.

மார்ச் 6
மேனேஜர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.
"அந்தப் பொண்ணை முன்னாடியே எச்சரிச்சீங்களாமே?"
"ஆமாங்க. ரெண்டு தடவை." ரெண்டாவது தடவை எங்கிருந்து வந்தது? வாய் தானாகச் சொல்லிற்று.
"அப்போ தெரிஞ்சேதான் அழிச்சிருக்கா. திங்கட்கிழமையோட நிறுத்திடலாம்."
படிக்கட்டில் அவள் நின்றாள். அழவில்லை. "மாமா, என்கிட்ட எப்ப சொன்னீங்க? எனக்கு ஞாபகமே வரலையே" என்றாள். தன் மறதி என்று நினைக்கிறாள்! ஏதோ அவசரம் போல இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 8
அக்கா ஃபோன். "நீ இருக்கிற இடம்னு நம்பித்தானேடா அனுப்பினேன்." ராத்திரி நாலு தடவை எழுந்து உட்கார்ந்தாயிற்று. மேனேஜரிடம் போனால் — போய் என்ன சொல்வது? இத்தனை வருஷமா சர்வர் மாமா, சர்வர் மாமான்னு கூப்பிட்ட வாயெல்லாம் நாளைக்கு என்ன சொல்லும்?

மார்ச் 10, திங்கள்
அவள் வருவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன்.
மேனேஜர் கேட்டார்: "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா, பெரியவரே?" பெரியவராம். நேற்றுவரை சார்.

மார்ச் 12
அவளுக்குப் புது எண், 58. மீதிப் பாலத்தை அவளே பழைய தாள்களைப் பார்த்து வரைகிறாள். பட்டியல் தாடியிடம் போய்விட்டது. எனக்கு வாசலில் வருகைப் பதிவேடு. இன்று காலை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். மாமா என்று கூப்பிடவில்லை.
இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். புது எண் உருவாக்கச் சோம்பல்பட்டு 41-ஐப் போட்டது நான். அவளை எச்சரித்தேன் என்றேனே, அது நானாகக் கட்டியது. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.
அன்றைக்கு மழை பெய்தது நிஜம். தூறல்தான்.