பகலவன் லைட்டும் தாய்மாமன் சீரும்

ஆவணி 3, திங்கள்

விடியற்காலை தூறல். கடை திறக்கும்போது சுள்ளென்று வெயில். காஸ் லைட்டுக்குள் எரிகிற வலை, மாண்டில், அதன் பெட்டி ரயிலில் வந்து சேர்ந்தது, பாதி நொறுங்கல்.

பேரையூரிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர். வந்ததும் வராததுமாக, "அண்ணே, போன மாசம் வாங்கிட்டுப் போனேன்ல பகலவன் லைட்டு, எம்புட்டு வெளிச்சம்ங்கிறீக! ஊரே நம்ம கடை வாசல்லதான் கெடக்கு. இன்னும் நாலு வேணும்." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காப்பி வாங்கிக் கொடுத்தேன். பாதிக் காப்பியில் கேட்கிறார்: "அன்னைக்குக் கல்லாவுல இருந்த சுருட்டமுடித் தம்பிய எங்க காணோம்?"

சுருட்டைமுடி என்றால் எதிர்க்கடை. தவசி. பேச்சியின் தம்பி, என் மைத்துனன். போன வருஷம்வரை என் கூட்டாளி. பிரிந்து போனவன் அதே வீதியில் கடை போட்டு, அதே பகலவன் என்ற பேரில், அதே சூரியப் படத்தோடு லைட் செய்து விற்கிறான். காப்பி தண்டம்.

பேர் நான் வைத்தது. அவனைக் கேட்டால் அவன் வைத்தது என்பான். இரண்டு பேரும் சேர்ந்துதான் யோசித்தோம், ஆனால் முதலில் வாயைத் திறந்து சொன்னது நான்.

ஆவணி 5, புதன்

வக்கீல் வீடு. பேரைத் திருடிய வழக்கு போட்டே தீருவது. அபிடவிட் என்கிற சத்தியப் பத்திரம் எழுதினார். 'இரண்டு லைட்டையும் பக்கத்தில் வைத்தாலும் வாங்குகிறவனால் பிரித்து அறிய முடியாது' என்று அவர் வாசகம். 'வாங்குகிறவன் என்ன, செய்தவனாலேயே முடியாது' என்று நான் சேர்க்கச் சொன்னேன்.

"அவ்வளவு வேண்டாமே ஓய்" என்றார்.

"இருக்கட்டும் சாமி. அழுத்தமா இருக்கட்டும்."

உண்மையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துவிடுவேன். அவன் பம்ப் வேறு, சத்தம் வேறு. அது கோர்ட்டுக்கு எதற்கு?

வரும் வழியில் முருங்கைக்காய், மகள் பொன்னிக்கு ரிப்பன்.

ஆவணி 8, சனி

ஜெயம்! இன்ஜங்ஷன், தடை உத்தரவு, கிடைத்துவிட்டது. தவசி இனிமேல் பகலவன் பேரில் ஒரு லைட் விற்கக் கூடாது. அவன் சரக்கு எங்கே இருந்தாலும், யார் வசம் இருந்தாலும், கோர்ட் சேவகர் அமீனா வந்து ஜப்தி செய்து எடுத்துக்கொண்டு போகலாம். 'யார் வசம் இருந்தாலும்' நான் வற்புறுத்திப் போடச் சொன்னது. வக்கீலை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழவி நின்றது.

"வெள்ளிக்கெழம பொன்னிக்குக் காதுகுத்து. புள்ளைய யார் மடியில ஒக்கார வப்பீக?"

நினைப்பே இல்லை எனக்கு. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

"வக்கீல் மடியிலயா?" என்றாள்.

அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் திருமங்கலத்தில் இருக்கிறானே என்றேன். குழவி வேகமாகச் சுழன்றது. இரவு ரசத்தில் உப்பு இல்லை. கேட்காமல் குடித்தேன்.

ஆவணி 10, திங்கள்

புழுக்கம். பேச்சி வெற்றிலை பாக்குத் தட்டோடு தம்பி வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தாள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "சீரோட வாரேன்க்கா" என்றானாம். அவ்வளவுதானா? இரண்டு தரம் கேட்டேன். அவ்வளவுதானாம்.

வாங்க: வாழைமரம், சந்தனம், பன்னீர், ஆசாரிக்கு வேட்டி துண்டு. பந்தலுக்கு நம் லைட்டுகள். ஏற்றிப் பார்த்ததில் இரண்டு புகைகிறது, ஒன்று உறுமுகிறது.

ஆவணி 13, வியாழன்

சாயங்காலம். வெளிச்சம் மங்கும் நேரம். தெருமுனையில் மேளம். சீர் வருகிறது என்று எல்லாரும் வாசலுக்கு ஓடினோம்.

முதலில் பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தலைச்சுமையில் காஸ் லைட். எல்லாம் பகலவன். எல்லாவற்றிலும் சூரியப் படம், துடைத்துப் பளபளவென்று. கடையையே காலி செய்து கொண்டு வந்துவிட்டான் படுபாவி. தெரு பட்டப்பகலாகிவிட்டது. மாடியெல்லாம் சனம்.

"ஆத்தாடி, யாரு லைட்டுடி இது?"

"பகலவனாம்டி. தாய்மாமன் சீரு."

விற்கக் கூடாது என்றுதான் இன்ஜங்ஷன். சீர் கொடுக்கக் கூடாது என்று இல்லை. வக்கீலும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். "மச்சான், அக்கா மகளுக்கு என் தொழில்ல உள்ளதக் கொண்டாந்தேன்."

சீரைத் திருப்பி அனுப்ப யாரால் முடியும்? "வா மாப்ள" என்றேன். பந்தலில் என் லைட்டுகள் எரிகின்றனவா என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆவணி 14, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலை முகூர்த்தம். தவசி மடியில் பொன்னி. ஆசாரி வலது காதைக் குத்திவிட்டார். பிள்ளை வீல் என்று கத்த, இடது காதுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது வாசலில் கோர்ட் அமீனா. கோரிப்பாளையத்துக்காரர், தெரிந்த மனுஷர்.

"மாப் கரோ, மன்னிச்சிருங்க முதலாளி. எதிர்க்கடையில ஒரு சரக்கும் இல்ல. கேட்டா சீராப் போயிருச்சுங்கிறாங்க. ஆர்டர்ல யார் வசம் இருந்தாலும்னு போட்டிருக்கு. நான் என்ன செய்ய?"

மேளம் நின்றுவிட்டது. அத்தனை சனமும் என் முகத்தைப் பார்க்கிறது. பேச்சி பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், "என் தம்பி சீர்ல ஒரு லைட்டு வாசப்படி தாண்டட்டும். நானும் பொன்னியும் அதுக்குப் பின்னாலயே போயிருவோம்" என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

தவசி புது வேட்டி முனையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை ஏட்டிக்குப் போட்டியாகப் பேசியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் எது அவன் லைட் என்று காட்டிக் கொடுத்திருப்பேன்.

"ஒங்க சரக்கும் பந்தல்ல கெடக்கு, அவர் சரக்கும் கெடக்கு" என்றார் அமீனா. "எது அவருதுன்னு வாதிதான் காட்டணும். காட்டுங்க, எடுத்துட்டுப் போயிர்றேன்."

காட்ட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

"அபிடவிட்டப் படிச்சீகளா பாய்? செஞ்சவனாலயே பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இதுல எதுவும் அவனுது இல்ல. எல்லாம் என் சரக்கு."

அவர் என்னைப் பார்த்தார். தவசியைப் பார்த்தார். "அப்படியே எழுதிக்கிறேன். கையெழுத்துப் போடுங்க. அல்ஹம்துலில்லா, எனக்கும் சுமக்கிற பாடு இல்ல."

போட்டேன். மேளம் கொட்டியது. இடது காதும் ஆயிற்று. அமீனா பொன்னி தலையில் கை வைத்து "மாஷா அல்லா" என்றார், லட்டு இரண்டு சாப்பிட்டார்.

தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன். கேஸ் போனதற்கா, பிள்ளை கத்தியதற்கா, தெரியவில்லை. பேச்சி பார்த்துவிட்டாள். பந்தியில் பாயசம் இரண்டு தரம் ஊற்றினாள்.

ஆவணி 17, திங்கள்

மேகமூட்டம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "உம்ம கேஸை நீரே தின்னு ஏப்பம் விட்டுட்டீரேய்யா!" வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடையில் வேறு கூத்து. காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர், அவருக்குச் சொந்தக்காரர் என்று வரிசையாக ஆள். பேரையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் 'சீர்ல எரிஞ்ச லைட்டு'தான் வேண்டுமாம். அது என் சரக்கு என்று ஊரறியக் கையெழுத்துப் போட்டவன் எப்படி இல்லை என்பது?

சீர் லைட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பர்னரில் என்னவோ செய்திருக்கிறான். என்னவென்று பிடிபடவில்லை. திரும்பப் பூட்டியதும் என்னுடையது மாதிரி உறுமுகிறது.

"கேட்டாத்தான் என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" என்றாள் பேச்சி.

ஆவணி 18, செவ்வாய்

வெயில். கடை வாசலில் மூன்று தரம் தண்ணீர் தெளித்தேன். பிறகு வேறு வேலை இல்லாததால் வீதியைத் தாண்டினேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

தவசி எதையோ அரம் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்க மச்சான். பின்னாடி அமீனா வர்றாரா?"

"வரல."

"அப்ப ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பொன்னிக்குக் காது ஆறிவிட்டதா என்று கேட்டான். ஆறுகிறது என்றேன். மழை பற்றிக் கொஞ்சம்.

"லைட்டு வேணும் மாப்ள. சீர்ல வந்துச்சுல்ல, அது."

"அது ஒங்க சரக்குல்ல?" அரத்தை நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கீக."

"ஆமாடா" என்றேன். "என் சரக்க எப்படிச் செய்றதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."